முள் எப்போது ஏறுகிறது?

வண்டி சூடாகிறது என்று யாராவது சொன்னால் நம்மில் பெரும்பாலோர் சொல்லும் முதல் பதில், "தண்ணி இருக்கா பாருங்க." இரண்டாவது, "ஃபேன் சுத்துதா பாருங்க." மூன்றாவது, கொஞ்சம் தலையை ஆட்டிக்கொண்டே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்." இந்த மூன்றோடு கையிருப்பு காலி.

இத்தனைக்கும் கூலிங் சிஸ்டம் நமக்குப் புதிய விஷயமில்லை. படம் வரைந்து பாகங்களைக் குறி என்று வரும் கேள்விகளில் மிகவும் பிடித்தமான கேள்வி அதுதான். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன், சிலிண்டரைச் சுற்றி வாட்டர் ஜாக்கெட், தண்ணீர் போகிற வழிக்கு நாலு அம்புக்குறி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் மார்க் குறையாது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா, அந்தப் படத்தில் வண்டி ஓடுவதே இல்லை. சிக்னலில் நிற்கிற வண்டிக்கும், பைபாஸில் பறக்கிற வண்டிக்கும், நாலு ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற வண்டிக்கும் அங்கே ஒரே அம்புக்குறிதான்.

நான் சொல்ல வந்தது அந்த வித்தியாசத்தைப் பற்றி. சிவில், இ.இ.இ. நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கோளாறு கண்டுபிடிப்பது எல்லாப் பிரிவுக்கும் பொதுத் தொழில். தவிரவும் உங்கள் வீட்டு வண்டியும் ஒருநாள் சூடாகும்.

இன்டர்ன்ஷிப்புக்கு நான் போனது நாமக்கல் பக்கம் ஒரு சாதாரண ஒர்க்ஷாப். தகரக் கூரை, ஒரு பிட், ஒரு கம்ப்ரஸர், எப்போதும் ரேடியோ. மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைத் 'தம்பி' என்பார், கோபம் வந்தால் 'கண்ணு' என்பார். கண்ணு என்றால் தள்ளி நின்றுகொள்ள வேண்டும்.

ஒரு நாள் காலை மஞ்சள் போர்டு போட்ட பழைய டீசல் கார் ஒன்று வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனி வண்டிக்கும் வரக்கூடிய கோளாறுதான். டிரைவரே ஓனர். கொல்லிமலை மேலே ஒரு ஊரிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு அம்மாவை டயாலிசிஸ் செய்ய நாமக்கல் அழைத்து வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவருடைய நிரந்தர வாடகை. இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறும்போதுதான் வினை. காரவள்ளியிலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. இருபது இருபத்தைந்தாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ஓரம் கட்ட வேண்டியதுதான். போன வாரம் நின்றபோது மழைத் தூறல். டயாலிசிஸ் முடிந்து சுருண்டு கிடந்த அந்த அம்மா முக்கால் மணி நேரம் பின் சீட்டிலேயே படுத்திருந்தார்களாம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறோம்னு அவங்க பையன் சொல்லிட்டாருங்ண்ணா" என்றார். வண்டிக்கு இன்னும் ஃபைனான்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கே வருவதற்கு முன் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே ஃபேன் மோட்டார் மாற்றினார்கள். சூடு நிற்கவில்லை. ஃபேன் ஸ்விட்ச் மாற்றினார்கள். நிற்கவில்லை. அப்புறம் எதையோ கழற்றினார்கள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியாக, ஹெட்டை இறக்கிவிட வேண்டியதுதான், 22,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பணத்தைப் புரட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

மேஸ்திரி ஸ்பானரைத் தொடவில்லை. டீ சொன்னார். டீ வரும் வரைக்கும் கேள்விதான்.

"டவுனுக்குள்ள நெரிசல்ல நிக்கறப்ப ஏறுதா?"

"இல்லீங்ண்ணா. பாதிகிட்ட வருது, ஃபேன் ஓடுது, இறங்கிடுது."

"பைபாஸ்ல தொண்ணூறு போனா?"

"பாதிக்கு மேல ஏறி நிக்குமுங்க. சிவப்புக்குப் போகாது."

"தண்ணி குறையுதா?"

"கொதிச்சா வெளிய தள்ளும். கொதிக்கலைன்னா வாரத்துக்கு அரை டம்ளர் கூட ஊத்த மாட்டனுங்க."

"காலையில ஸ்டார்ட் பண்ணா முள் எப்ப எந்திரிக்குது?"

டிரைவர் சிரித்துவிட்டார். "அதை ஏன் கேக்கறீங்க, பத்துக் கிலோமீட்டர் போனாலும் எந்திரிக்காது. கீழயேதான் கெடக்கும்."

"அப்படியா" என்றார் மேஸ்திரி. அதோடு டீ வந்துவிட்டது.

இந்த நாலு கேள்வியை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். இதில் ஒவ்வொன்றும் ஒரு பாகத்தைத் தனியாகப் பிரித்து நிறுத்துகிறது. நெரிசலில் வண்டி நிற்கும்போது எதிர்க்காற்று கிடையாது, ரேடியேட்டருக்கு ஃபேன் ஒன்றுதான் கதி. ஃபேன் கெட்டிருந்தால் அங்கேதான் முள் ஏற வேண்டும். பைபாஸில் காற்றே ஃபேன் வேலையைச் செய்துவிடும், முள் இறங்கிவிடும். இந்த வண்டியில் நேர் எதிராக நடக்கிறது. நிற்கும்போது சரியாக இருக்கிறது, வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறுகிறது. ஆக ஃபேன் மோட்டாருக்கும் ஸ்விட்சுக்கும் செலவழித்த காசு, விவரம் கேட்காமலே செலவழித்த காசு. வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறுகிறது என்றால், இன்ஜின் கொட்டுகிற வெப்பத்தை ரேடியேட்டரால் முழுதாக வெளியே தள்ள முடியவில்லை என்று அர்த்தம். ஒன்று தண்ணீர் பக்கம் தடை, இல்லை காற்றுப் பக்கம் தடை.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீசலில் இருக்கும் சக்தியை ஏறக்குறைய மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு சக்கரத்துக்கு, ஒரு பங்கு புகையோடு, ஒரு பங்கு தண்ணீருக்கு என்று பாடத்தில் சொல்கிறார்கள். தோராயம்தான், ஆனாலும் உதவும். ஐம்பது குதிரைத்திறன் என்றால் சுமார் 37 கிலோவாட். முழு மிதியில் அது சக்கரத்துக்குப் போகும்போது அதே அளவு வெப்பம் தண்ணீருக்கும் போகிறது. ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டி முப்பத்தேழை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி! நின்றுகொண்டு ஐடிலிங்கில் ஓடும்போது இதில் ஒரு சின்னப் பங்குதான். பாதி அடைத்த ரேடியேட்டர் டவுனுக்குள் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது இதனால்தான்.

கடைசிக் கேள்விதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கொதிக்கிற வண்டி காலையில் சூடே ஏறாமல் கிடப்பானேன்? அதற்குப் பின்னால் வருகிறேன்.

டீக்கு அப்புறம் ஹெட் கேஸ்கெட் விவகாரத்தை முதலில் தீர்த்துவிடலாம் என்றார் மேஸ்திரி. 22,000 ரூபாய் பயத்தோடு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அதுதான் மரியாதை. இன்ஜின் ஆறட்டும் என்று ஒன்றரை மணி நேரம் அப்படியே விட்டோம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஏன் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மூடி வெறும் மூடி இல்லை, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. 0.9 பார் மூடி ஒழுங்காக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 119 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். இன்னொரு பக்கமும் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் தேய்ந்த வண்டி, கீழே ஒழுங்காக ஓடிவிட்டு மலை மேல் போய்த் தண்ணீர் கக்குவதில் ஆச்சரியமே இல்லை. அதனால் மூடியையும் கை பம்ப் வைத்து அழுத்திப் பார்த்தார். முள் இறங்கவில்லை. மூடி நல்ல மூடி.

ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து உள்ளே எட்டிப் பார்த்தோம். கேஸ்கெட் உடைந்திருந்தால் சிலிண்டர் கேஸ் தண்ணீருக்குள் புகுந்து குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும். மூடியைப் போட்டு ஓட்டினால், தண்ணீர் சுடுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடும். இரண்டும் இல்லை. ஆயில் கேஜ் கம்பியில் மோர் நிறம் இல்லை. ஆறிய வண்டியில் வெள்ளைப் புகையும் இல்லை. "ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க கொதிக்கக் கொதிக்க ஓட்டாம ஓரங்கட்டி நிறுத்துனீங்க பாருங்க, அதனால தப்பிச்சுது" என்றார். டிரைவருக்கு முகமே மாறிவிட்டது.

பிறகு கீழ் ஹோஸ். இது எங்கள் புத்தகத்தில் இல்லாத சமாச்சாரம். வாட்டர் பம்ப் ரேடியேட்டரின் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. ஹோஸ் பழசாகிக் கொழகொழத்துப் போனாலோ, உள்ளே ஸ்பிரிங் இருக்கிற ஹோஸில் அது துருப்பிடித்து உதிர்ந்தாலோ, ரேஸ் செய்யும்போது உறிஞ்சு குழாய் சப்பிக்கொள்கிற மாதிரி ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். ஐடிலிங்கில் பழையபடி உருண்டையாகிவிடும். பானெட்டைத் திறந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. ஒருவர் 3,000 ஆர்.பி.எம். பிடிக்க, ஒருவர் டார்ச் அடிக்க, நான் பார்த்தேன். ஹோஸ் அசையவில்லை.

மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்கே போனோம். "பட்டறையில நிக்கிற வண்டிக்கு வியாதி தெரியாது, வலிக்கிற எடத்துலதான் தொட்டுப் பாக்கணும்" என்றார். பதினெட்டாவது வளைவு தாண்டி முள் கிளம்பியது. சிவப்புக்கு ஒரு விரல்கடை இருக்கும்போதே ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தாமல் லேசாக ரேஸில் வைத்து, பானெட்டைத் தூக்கினோம். ஹோஸைத் தொட முடியாது. தூரத்திலிருந்தே சூடு காட்டுகிற துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் இருக்கிறதே, அதுதான் கைகொடுத்தது. (ஒரு எச்சரிக்கை: பளபளப்பான அலுமினியத்தில் அடித்தால் அது குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அடியுங்கள். ரப்பர் ஹோஸ் என்றால் அப்படியே அடிக்கலாம்.) மேல் ஹோஸ் 104 டிகிரி. கீழ் ஹோஸ் 100. நான் நோட்டில் எழுதினேன்.

"எவ்வளவு வித்தியாசம் தம்பி?"

"நாலுதாங்க."

"தண்ணி அடைச்சிருந்தா?"

யோசித்துச் சொன்னேன். தண்ணீர் பக்கம் அடைப்பு என்றால், ரேடியேட்டருக்குள் கொஞ்சத் தண்ணீர்தான் மெதுவாகப் போகும். மெதுவாகப் போகிற தண்ணீர் நன்றாக ஆறிவிடும். மேலே கொதிக்கும், கீழே குளிர்ந்திருக்கும், வித்தியாசம் எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். இங்கே மேலும் கீழும் ஒரே கொதி. அப்படியானால் தண்ணீர் வேகமாகத்தான் ஓடுகிறது, போன சூட்டோடு திரும்பி வந்துவிடுகிறது. வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் காற்று இல்லை.

வெப்பம் சமம் நிறை பெருக்கல் வெப்ப எண் பெருக்கல் வெப்பநிலை வித்தியாசம். எத்தனை முறை மனப்பாடம் செய்திருப்போம்! அந்தச் சூத்திரம் கொல்லிமலை வளைவில், டீசல் புகைக்கு நடுவே நின்று பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் மேஸ்திரி என் ரெக்கார்டு நோட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழிக்கச் சொன்னார். ஏ.சி.யைப் போட்டு ஃபேனை ஓடவிட்டு, முன்பக்கக் கிரில் வழியாகத் தாளைக் கண்டென்ஸர் மேல் பகுதியில் வைத்தார். பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. கீழே நகர்த்தினார். பாதிக்குக் கீழே வந்ததும் தாள் நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. கீழ்ப் பாதியில் காற்றே இழுக்கவில்லை.

முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்ஸர் சுத்தமாகத்தான் இருந்தது. ஏ.சி. வண்டிகளில் கண்டென்ஸர் முன்னால், ரேடியேட்டர் அதன் முதுகுக்குப் பின்னால். நடுவே ஒரு விரல் சந்து. பம்பரை இறக்கி, கிளாம்பைத் தளர்த்தி, கேஸ் குழாயை அசைக்காமல் கண்டென்ஸரை மட்டும் முன்னால் சாய்த்தோம். உள்ளே பார்த்ததும் டிரைவர், "அட கருமமே!" என்றார்.

கோழி இறகு. நாமக்கல்லில் கோழி லாரிக்குப் பின்னால் போகாத வண்டி உண்டா? பொடி இறகும், வைக்கோல் துகளும், மண்ணும், எங்கோ கசிந்த ஆயிலும் சேர்ந்து ரேடியேட்டரின் கீழ்ப் பாதியில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிய்த்து எடுத்தால் ஒரே தகடாக வந்தது. இதற்கு முன்னால் புது ஃபேன் மோட்டார் வைத்து என்ன பயன்? கம்பளிக்குப் பின்னால் நின்று அது என்னத்தை இழுக்கும்?

கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பையன் ஒருவன் வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "கண்ணு, வை அதை!" என்று ஒரு சத்தம். அந்த அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் எல்லாம் படுத்துவிடும், அடைப்பு நிரந்தரமாகிவிடும். சாதாரண ஹோஸ் பைப், சோப்புத் தண்ணீர், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. குப்பை வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். படுத்திருந்த தகடுகளை முனை மழுங்கிய கத்தியால் நானும் அந்தப் பையனும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினோம். இரண்டு மணி நேரம் ஆனது, கழுத்து வலி இலவசம்.

இப்போது காலையில் எழுந்திருக்காத முள். மேஸ்திரி தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளே காலி. "இந்த ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு கழட்டிட்டாங்கண்ணா" என்றார் டிரைவர். நம் ஊரில் இது ஒரு பெரிய நம்பிக்கை. தடை போனால் தண்ணீர் தாராளமாக ஓடும்தானே என்று தோன்றும். ஆனால் பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்க வேண்டும், அதே நேரத்தில் பைபாஸ் வழியை அடைக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்கே திரும்பிவிடும். காலையில் இன்ஜின் சூடேறாது, டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். ஏற்றத்தில் போதாக்குறைக்கு இன்னும் கொதிக்கும். ஆக இந்த வண்டிக்கு இரண்டு கோளாறு. ஒன்று கோழி கொடுத்தது, இன்னொன்று வைத்தியம் கொடுத்தது.

புது தெர்மோஸ்டாட் வாங்கி வந்தோம். 82 என்று பொறித்திருந்தது. புதுசையும் அப்படியே மாட்டிவிடவில்லை. டீக்கடையில் அலுமினியப் பாத்திரம் வாங்கி, தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் விட்டு அடுப்பில் ஏற்றினோம். 83-ல் வாய் பிளந்தது. கொதி வருவதற்குள் முழுசாகத் திறந்துவிட்டது. (டீக்கடைக்காரர் அந்தப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.) அந்தப் பகுதியில் போர் தண்ணீர் உப்பு, இத்தனை நாள் அதைத்தான் ஊற்றியிருக்கிறார். உள்ளே வெள்ளைப் படிவம் தெரிந்தது. நல்லவேளை, மெல்லிசு. இரண்டு முறை அலசி எடுத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றினோம்.

மறுநாள் நாலு பேர் ஏறிக்கொண்டு ஏ.சி.யும் போட்டு எழுபது வளைவும் போனோம். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. சோளக்காடு போய்ச் சேரும் வரை டிரைவர் ரோட்டைப் பார்த்ததை விட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். எனக்கு அது ஒன்றுதான் பயமாக இருந்தது.

வழியில் மேஸ்திரி அவருக்குச் சொன்ன இரண்டு விஷயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். ஏற்றத்தில் முள் கிளம்பினால் முதலில் ஏ.சி.யை நிறுத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு அதன் ஃபேனையும் முழுசாக வை. வண்டிக்குள் வேகும், ஆனால் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர், சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் நிறுத்திவிடு. ஆனால் ஓடைத் தண்ணீரைப் பிடித்துச் சூடான இன்ஜின் மேல் ஊற்றாதே. கொதிக்கிற ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். அப்போது அந்த 22,000 ரூபாய் உண்மையாகிவிடும்.

பில் தெர்மோஸ்டாட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். டிரைவர் மூவாயிரமாகக் கொடுத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு எங்கள் ஒர்க்ஷாப் வழியாகப் போகும்போது ஹாரன் அடித்தார்.

அடுத்த வாரம் அதே ஸ்டாண்டிலிருந்து இன்னொரு டாக்ஸி வந்தது. அதுவும் சூடாகிற கேஸ். வந்தவர் இறங்கும்போதே கையில் வெள்ளைத் தாளோடு இறங்கினார். வைத்துப் பார்த்தோம். மேலிருந்து கீழ் வரைக்கும் தாள் அருமையாக ஒட்டியது. மேஸ்திரி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டவுனுக்குள்ள நெரிசல்ல நிக்கறப்ப ஏறுதுங்களா?" என்று ஆரம்பித்தார். அந்த வண்டியில் வாட்டர் பம்ப் ஓட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது என்பது அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது.